பிஸ்டனுக்கு ஓதின எண்ணெய்

பிஸ்டனுக்கு ஓதின எண்ணெய் ஊற்றிய ஒரே மனுஷி இந்த உலகத்தில் என் அக்கா, என் ராத்தாவாகத்தான் இருக்கும் என்று ஒரு காலத்தில் நான் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவளும் சிரித்தாள். அவளுடைய மாப்பிள்ளை, என் மச்சான், எங்கள் இரண்டு பேரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.  அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். அழுகையிலிருந்து தொடங்கினால் மச்சான் எப்படிப்பட்ட மனிதர் என்று யாருக்கும் விளங்காது.

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கல்முனையில் உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து, முன்பாதியில் ராத்தாவுக்கும் பின்பாதியில் எனக்கும் வீடு கட்டினார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. ராத்தா மீன் பொரித்தால் என் வீட்டுப் பூனை அங்கே போய்விடும். மச்சான் கடலிலிருந்து வந்து கிணற்றடியில் குளித்தால், அன்றைக்கு மீன் பட்டதா இல்லையா என்று அவர் வாளியை வைக்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

அவருக்கு ஒரு சின்ன ஃபைபர் படகும் அதன் பின்னால் பூட்டுகிற எஞ்சினும் இருந்தன. எனக்கு இருந்ததும் எஞ்சின்தான், ஆனால் கம்பியூட்டருக்குள். இங்கேயுள்ள பல்கலைக்கழகத்துப் பொறியியல் பீடத்தில் நான் படிப்பிக்கிறேன். என் ஆராய்ச்சி பிஸ்டனின் உராய்வைப் பற்றியது. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது அதன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே, கண்ணுக்கே தெரியாத தடிப்பில் எண்ணெய் ஒரு படலமாக நிற்கிறது. அந்தப் படலம் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எங்கே அறுந்து இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்கின்றன என்பதைச் சமன்பாடுகளால் கட்டிப் பார்ப்பதுதான் என் வேலை.

மச்சானுக்கு இது பெரிய பகிடி. மனைவியின் தங்கை என்பதால் என்னை மச்சி என்பார்.

“எண்ணெய் வழுக்கும் எண்டு கண்டுபிடிக்கிறதுக்கு இவ்வளவு படிப்பா மச்சி?” என்பார். “எங்கட உம்மாக்கிட்டக் கேட்டிருந்தா அடுப்படியிலயே செல்லியிருப்பாவே.” எங்கள் பேச்சில் சொல்வது ‘செல்வது’தான்.

“எங்க வழுக்காது எண்டுதான் மச்சான் நான் பார்க்கிறன்.”

“அதப் பார்த்தா மீன் படுமா?”

ஆனால் கேட்பார். ஒரு நாள் மடிக்கணினியைக் கிணற்றுக் கட்டில் வைத்து அவருக்குப் படத்தைக் காட்டினேன். பிஸ்டன் நடுவழியில் வேகமாக ஓடும்போது எண்ணெய் அதைத் தாங்குகிறது. மேலே போய் ஒரு கணம் நின்று திரும்புகிறதே, அந்த இடத்தில்தான் படலம் அறுகிறது, தேய்மானம் முழுக்க அங்கேதான் என்றேன். ஈரத் துவாயைத் தோளில் போட்டபடி அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஓடுறதால பழுதில்ல, நிண்டு திரும்பக்குள்ளதான் பழுது,” என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, ராத்தாவிடம் திரும்பி, “கேட்டீங்களா, என்ன சும்மா சும்மா திரும்பி வரச் செல்லாதீங்க,” என்றார். ராத்தா அகப்பையை ஓங்கினாள்.

எங்கள் கரையில் சின்னப் படகுகள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. அவற்றின் எஞ்சினுக்கு எண்ணெய் தனியாக ஊற்றுவதில்லை. எரிகிற மண்ணெண்ணெயோடு ஓயிலையும் பிளாஸ்டிக் கானில் கலந்து குலுக்கிக்கொண்டு போக வேண்டும். எரிவதும் வழுக்குவதும் ஒரே கானிலிருந்துதான். பிறகு நாடு வங்குரோத்தாகி, எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலம் வந்தது. மண்ணெண்ணெய் ஒரு நாள் கிடைத்தால் ஓயில் கிடைக்காது. ஓயில் வந்தாலும் யானை விலை. கரையில் எல்லாரும் ஓயிலைக் குறைத்துக் கலந்தார்கள். மச்சானும் குறைத்தார். “இது குடிகார எஞ்சின் மச்சி, கொஞ்சம் குறைச்சாத்தான் நல்லம்,” என்றார். நான் கூடாது என்று சண்டை பிடித்தேன். “அப்ப உங்கட கம்பியூட்டருக்குள்ள இருந்து கொஞ்சம் ஊத்தித் தாங்க,” என்றார். 

ராத்தா சொல்லிக்கொண்டிருக்கவில்லை, செய்தாள். அவளிடம் எப்போதும் ஒரு போத்தல் ஓதின எண்ணெய் இருக்கும். நல்ல தேங்காய் எண்ணெயை பள்ளிவாசல் லெப்பையிடம் கொண்டுபோய் ஓதி ஊதி வாங்கி வைத்திருப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சலா, உம்மாவுக்கு முழங்கால் வலியா, எனக்குப் பரீட்சையா, எல்லாவற்றுக்கும் அந்தப் போத்தல்தான். ஓயில் குறைகிறது என்று தெரிந்ததும் கானின் வாயில் அதில் நாலு சொட்டு விட ஆரம்பித்தாள். அப்போதுதான் நான் அந்தப் பகிடியைச் சொன்னேன். பிறகு நாலு சொட்டு ஒரு மூடியானது, மூடி ஒரு தேத்தண்ணிக் கோப்பையானது. மாரி விடியலில் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். ராத்தா சுபஹு தொழுத முசல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து, போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டி இளக்குவாள். மச்சான் வாசலில் கானோடு நின்று, “உங்கட ராத்தா கைச்சூட்டுலதான் எங்கட எஞ்சின் ஓடுது,” என்பார்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளை பிறந்தால் தகப்பன் கல்லடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். மச்சானுக்கு ஒரே மகள். அவளுக்கென்று வளவின் கிழக்கு மூலையில் அத்திவாரம் போட்டு, யன்னல் மட்டத்துக்குச் சுவரும் எழுப்பியிருந்தார். அந்தச் சுவர் அங்கேயே நின்றுவிட்டது. வாடைக்காற்று தொடங்குகிற காலத்தில் சின்னப் படகுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். அந்த வருடம் அவர் ஏற்றவில்லை. “இன்னும் கொஞ்ச நாளைக்குப் போய்ப் பார்ப்பம், யன்னலயாவது வச்சிருவம்,” என்றார்.

அன்று அவரோடு கடலுக்கு வருகிற கூட்டாளி மாவடிப்பள்ளியில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தான். மச்சான் தனியே போனார். ராத்தாவுக்குக் காற்று பிடிக்கவில்லை. போக வேண்டாம் என்று சொன்னாள். அவர் கேட்கவில்லை என்றதும், போத்தலில் மிச்சமிருந்ததை எல்லாம் கானில் ஊற்றினாள். அவள் ஊற்றியதைப் பின்வாசலில் பல் துலக்கிக்கொண்டு நான் பார்த்தேன்.

மதியம் லுஹர் ஆனது, வரவில்லை. பின்னேரம் அஸர் ஆனது, வரவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பெரிய படகுகள் தேடிப் போயின. மறுநாள் தெற்கே கோமாரிக்கு நேரே கவிழ்ந்து மிதந்த படகைத் திருக்கோவில் மீனவர்கள் கண்டார்கள். அவர்கள் அன்றைக்கு வலை போடவில்லை. முழு நாளும் தேடிவிட்டு, படகைக் கட்டி இழுத்து வந்து, எஞ்சினைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி எங்கள் வாசல் வரைக்கும் கொண்டுவந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் ராத்தாவின் வாசல் பக்கம் பார்க்காமல், மதிலைப் பார்த்துக்கொண்டு, “நாங்க இன்னும் தேடுவம் எண்டு சொல்லுங்கம்மா,” என்று என்னிடம் சொன்னார். தேடினார்கள். மச்சான் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காத, மையித்து இல்லாத வீட்டில் எதை எப்போது செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பள்ளிவாசலில் பெரியவர்கள் கூடிப் பேசி, இறந்துவிட்டார், மவுத்து என்றே முடிவு சொன்னார்கள். ஆள் இல்லாமலே ஜனாசாத் தொழுதார்கள். ராத்தா வெள்ளை உடுத்து இத்தா இருக்க அறைக்குள் போனாள். இத்தா முடியும்வரை, நாலு மாதமும் பத்து நாளும், அவள் வெளியே வர மாட்டாள், பிற ஆண்களைப் பார்க்க மாட்டாள். நான்தான் சோறு கொண்டுபோவேன். அவள் சாப்பிட மாட்டாள். தட்டைத் திரும்பக் கொண்டுவந்து கிணற்றடியில் பூனைக்குப் போடுவேன்.

இதற்கிடையில் கூட்டாளி எஞ்சினைக் கடைத்தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் திறந்து பார்த்தான். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்திருந்தது. அதாவது எஞ்சின் சூடேறி, படலம் அறுந்து, இரும்பு இரும்பைக் கவ்வி நின்றுவிட்டது. அதுவரை சரி. ஆனால் படகோடு கட்டியிருந்த கானையும் யாரோ திறந்து முகர்ந்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் மணத்திருக்கிறது. போதாதா? எங்கள் ஊரில் கதைக்கு எஞ்சின் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் கரி கட்டும், கரி ரிங்கைப் பிடிக்கும், ரிங் எஞ்சினைப் பிடிக்கும் என்று தேத்தண்ணிக் கடையில் பாடம் நடத்தினார்கள். ஓதின எண்ணெயே மார்க்கத்தில் இல்லாதது, அதனால் வந்த கேடு, முஸீபத்து இது என்று இன்னும் சிலர் சொன்னார்கள். அவர்களின் உம்மாமார் எல்லாரும் அதே லெப்பையிடம் எண்ணெய் ஓதியவர்கள்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்தக் கதை ராத்தாவின் காதுக்கு மட்டும் போகக் கூடாது என்று வீட்டுக்கு வருகிற பெண்கள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். கெஞ்சியதாலேயே போய்விட்டதோ என்னவோ.

ஒரு நாள் சோற்றுத் தட்டோடு போனேன். ராத்தா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“என்ட எண்ணெயா?” என்றாள்.

“இல்ல ராத்தா.”

“பார்க்காம செல்லாத.”

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

“நீ படிச்சது இதுதானே. ஊருல உள்ளவன் எல்லாம் ஒவ்வொண்டு செல்றான். நீ பார்த்துச் செல்லு. என்ட கையாலயா அவர் போன?” அவள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினாள். கானில் ஊற்றிய போத்தலோடு ஒரே நாளில் ஓதி வாங்கிய மற்றப் போத்தல். “இதுதான் அது. கொண்டு போய்ப் பாரு.”

கூட்டாளியிடம் சொல்லி, மெக்கானிக் தட்டிப் பிரித்திருந்த பிஸ்டனையும் சிலிண்டரையும் பழைய பத்திரிகையில் சுற்றி ஷொப்பிங் பேக்கில் போட்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நல்ல பாரம். பக்கத்தில் இருந்த பெண் மீனா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

பீடத்தில் அதைப் பிரித்தேன். பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்க நெடுகக் கீறல்கள். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டன. வருடக்கணக்காக நான் திரையில் வரைந்து பார்த்த கீறல்கள்தான். கையில் அவை இப்படிச் சொரசொரப்பாக இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. முதலில் ரிங்கைப் பார்த்தேன். உப்பைக் கழுவித் துடைத்ததும், பிஸ்டனின் கீறாத பக்கத்தில் அது தன் பள்ளத்துக்குள் லேசாக அசைந்தது. கரி கட்டிப் பிடித்த ரிங் அப்படி அசையாது. தேத்தண்ணிக் கடைப் பாடம் அந்த இடத்திலேயே பொய்யாகிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் பார்த்துச் சொல்லு என்றாள். பாதி பார்த்துச் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அளவுகளை எடுத்தேன். சுவரின் சொரசொரப்பை அளந்தேன். ராத்தாவின் எண்ணெயை, அது எவ்வளவு தடிப்பாக ஓடுகிறது என்று பார்க்கும் கருவியில் ஊற்றினேன். ஊற்றும்போது பிஸ்மில்லாஹ் சொன்னேன். ஆய்வுகூடத்தில் அதற்கு முன் நான் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. அறைக்குள் ராத்தாவின் தலைமயிர் மணந்தது.

பிறகு கணக்கைக் கட்டினேன். மச்சான் குறைத்துக் கலந்த ஓயில் மட்டும் இருந்தால் எஞ்சின் என்ன பாடுபடும் என்று ஒன்று. அதோடு ராத்தாவின் எண்ணெயும் சேர்ந்தால் என்ன என்று மற்றது. படலம் அறுகிற இடத்தில், பிஸ்டன் நின்று திரும்புகிற அந்த இடத்தில், தேங்காய் எண்ணெய்க்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. அது இரும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும். மற்ற எண்ணெய் வழிந்து விலகிவிட்ட பிறகும் மெல்லிய தோலாக அது நிற்கும், இரும்பும் இரும்பும் கவ்வுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடும். இது புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் அந்த எஞ்சினில், அந்தக் கானின் கலவையில், அது எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருந்தது.

முதல் கணக்கில் எஞ்சின் சீக்கிரமே பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது, ஓயில் குறைந்தால் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் பிந்திப் பிடித்தது. நான் நம்பவில்லை. எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ராத்தாவின் எண்ணெய்க்குப் பாதகமான அளவுகளாகத் தேடிப் பிடித்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அது பிந்தியே பிடித்தது. அவளுடைய எண்ணெய் எஞ்சினை நிறுத்தவில்லை. நிற்கப் போன எஞ்சினை இன்னும் கொஞ்ச நேரம் ஓட வைத்திருக்கிறது.

பட்டப்பகலில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். என் படிப்பு என் வீட்டில் ஒரு ஆளுக்கு முதல் தடவையாக உதவப் போகிறது என்ற சந்தோஷம். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் த்ரீவீல் பிடித்து வந்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மச்சான் இருந்திருந்தால் இதற்கு என்ன பகிடி சொல்லியிருப்பார் என்றும் யோசித்தேன்.

ராத்தா அஸர் தொழுதுவிட்டு முசல்லாவிலேயே இருந்தாள். செருப்பைக் கூட ஒழுங்காகக் கழற்றாமல் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“பார்த்துட்டன் ராத்தா. உங்கட எண்ணெய் இல்ல. ஓயில் கொறைஞ்சதுதான். உங்கட எண்ணெய் அந்த எஞ்சின நிப்பாட்டவே இல்ல.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “நல்லாப் பார்த்தயா?”

“நல்லாப் பார்த்தன். வேற வேற மாதிரி எல்லாம் பார்த்தன். உங்கட எண்ணெயால அது கூடக் கொஞ்ச நேரம் ஓடித்தான் இரிக்கி.”

“கூட ஓடினயா?”

“ஓம் ராத்தா.”

“எவ்வளவு?”

அந்த இடத்தில் என் வாய் அடைத்துப் போயிருக்கக் கூடாதா? நான் பெருமையோடு சொன்னேன். “கால் மணி, அரை மணி எண்டு வைங்களே.”

 ராத்தா கையிலிருந்த தஸ்பீஹ் மணியை முசல்லாவின் மேல் மெதுவாக வைத்தாள். பிறகு என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னாள்:

“அரை மணி ஓடினாக் கரையில தென்னை தெரியா எண்டு செல்வாரு.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அவளுடைய எண்ணெய் இல்லாவிட்டால் எஞ்சின் முன்னமே நின்றிருக்கும். கரைக்குக் கிட்ட நின்றிருக்கும். தென்னை தெரிகிற தூரத்தில், யாராவது காண்கிற தூரத்தில், நீந்தினாலும் நீந்தி வந்துவிடலாம் என்கிற தூரத்தில். அவள் கையில் உருட்டி இளக்கிய எண்ணெய்தான் அவரை அதற்கு அப்பால் கொண்டுபோயிருக்கிறது. அந்த அரை மணித்தியாலத்தை அவளுக்கு எடுத்து வந்து கொடுத்தது நான்.

“இல்ல ராத்தா, அப்படி இல்ல,” என்றேன். “வரக்குள்ள நிண்டிருந்தா? திரும்பிக் கரைக்கு வரக்குள்ள எண்டா, உங்கட எண்ணெய் அவரக் கிட்டத்தானே கொண்டு வந்திரிக்கும்?”

அவள் கண்ணில் ஏதோ ஒன்று எழும்பியது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “வரக்குள்ளயா? போகக்குள்ளயா?”

என் கணக்கில் அது இல்லை. பிஸ்டன் மேலே போகிறது, கீழே வருகிறது; அதன் ஒவ்வொரு அசைவும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பிஸ்டன் தள்ளிக்கொண்டு போன படகு எந்தப் பக்கம் முகம் வைத்திருந்தது என்பது எந்தச் சமன்பாட்டிலும் இல்லை. போனாலும் வந்தாலும் எஞ்சினுக்கு ஒரே சுழற்சிதான், ஒரே சூடுதான், ஒரே கீறல்தான். கவிழ்ந்து வந்த படகில் மீனும் இல்லை, வலையும் இல்லை. அவர் பிடித்துவிட்டுத் திரும்பினாரா, போடவே இல்லையா என்று கூடச் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

“தெரியா ராத்தா,” என்றேன்.

இத்தா முடிந்து இப்போது அவள் வெளியே நடமாடுகிறாள். வெள்ளையை மாற்றிவிட்டாள். சோறு சாப்பிடுகிறாள். மகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறாள். கிழக்கு மூலைச் சுவர் யன்னல் மட்டத்திலேயே நிற்கிறது, அதற்குள் மரவள்ளி நட்டிருக்கிறாள். எண்ணெய் ஓதுவதை விட்டுவிட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். எனக்கு அதைப் பார்க்கிறபோது தாங்க முடியாமல் இருக்கிறது. படித்தவள் நான் சந்தோஷப்பட வேண்டியதுதானே?

கேள்வியை மட்டும் விடவில்லை. கிணற்றடியில் உடுப்புக் கழுவும்போதோ மீன் ஆயும்போதோ திடீரென்று கேட்பாள். உன்ட கம்பியூட்டர்ல இப்ப புதுசா ஏதும் வந்திருக்கா, அதப் பார்க்க ஏலுமா என்பாள். ஏலாது என்பேன். போன கிழமையும் கேட்டாள். கையெல்லாம் செதிலாக, அரிவாளை நிறுத்தி, தலை நிமிராமல் கேட்டாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. உண்மையைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

“வரக்குள்ளதான் ராத்தா,” என்றேன். “வரக்குள்ளதான் நிண்டிரிக்கி.”

அரிவாள் மிச்சச் செதிலைச் சீவியது. அப்புறம் அவள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

“பார்க்காம செல்லாத,” என்றாள்.